ஹாலோ பாடி கிட்டாருக்கு பிக்கப் மாத்தப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

எங்க குழுவுல வாசிக்கிற தம்பி ஒருத்தன் போன வாரம் கிட்டாரைத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். "அண்ணே, தீபாவளிக்கு சமூக மன்றத்துல ப்ரோக்ராம் இருக்கு, தபலா டிரம்ஸ் கீபோர்டுக்கு நடுவுல என் கிட்டார் காணாமப் போகுது, நல்லா ஹாட்டான பிக்கப் ஒண்ணு சொல்லுங்க"ன்னான். பிக்கப்னா கிட்டார் கம்பி அதிர்றதை மின்சிக்னலா மாத்தி ஆம்ப்ளிஃபையருக்கு (ஆம்ப்) அனுப்புற, காந்தமும் காயிலும் உள்ள பாகம். அவன் கிட்டார் முழு ஹாலோ பாடி, அதாவது உள்ள பெட்டி மாதிரி வெத்திடமா இருக்குறது, மேப்பிள் ப்ளைல செஞ்சது, ரெண்டு ஹம்பக்கர் (ரெண்டு காயில் வச்சு ஹம் இரைச்சலை ஒழிக்கிற பிக்கப்). அவனுக்கு அன்னிக்கு சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியை நிறைய பேர் கேக்குறாங்க, கேட்ட கையோட 300 வெள்ளி செலவும் பண்ணிடுறாங்க.

மொத தப்பு, சத்தம் வேணும்னு பிக்கப் வாங்குறது. சத்தம் போடுறது ஆம்ப்போட வேலை. ஹாட் பிக்கப்னா காயில்ல கம்பிச் சுத்து அதிகம், சுத்து கூடக் கூட மேல்சுருதி மங்கி மிட் (நடுச்சுருதி) தடிச்சுப் போகும், உள்ள வெத்திடம் இல்லாத சாலிட் பாடில டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கிறவங்களுக்கு அது நல்லது. ஆனா ஹாலோ பாடியை நாம வாங்குறதே அந்தக் காத்தோட்டமான சத்தத்துக்காகத்தானே, அதை 15 கிலோ ஓம் (காயிலோட மின்தடை) செராமிக் காந்தப் பிக்கப் போட்டு அமுக்கிட்டா அப்புறம் எதுக்கு அந்தக் கிட்டார்? நானே அப்படி ஒண்ணு போட்டு ரெண்டு வருஷம் வாசிச்சேன், கார்டு புடிச்சா ஆறு கம்பியும் ஒரே கட்டியா கேக்கும், கழட்டிட்டு பழையதைத் திரும்பப் போட்ட அன்னிக்குத்தான் என்ன இழந்திருந்தேன்னு புரிஞ்சது.

இதுல இன்னொண்ணு, ஓம் கணக்கை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. க்ரெட்ச் கிட்டார்ல வர்ற ஃபில்டர்ட்ரான் வெறும் 4 கிலோ ஓம் சொச்சம்தான், கிப்சனோட பழைய பிஏஎஃப் வகை ஹம்பக்கர் 7லருந்து 9 வரைக்கும் இருக்கும், அதுக்காக ஃபில்டர்ட்ரான் பாதி சத்தம்தான் வரும்னு அர்த்தமில்ல. காந்தம், காயில் கம்பியோட தடிமன், காயில் வடிவம் எல்லாம் சேர்ந்துதான் சத்தம். 1950கள்ல கிப்சனுக்காக சேத் லவரும் க்ரெட்சுக்காக ரே பட்ஸும் தனித்தனியா ஹம் இரைச்சலை ஒழிக்கணும்னு உக்காந்து செஞ்ச ரெண்டு டிசைன் இது, நோக்கம் ஒண்ணு, குரல் வேற வேற. ஃபில்டர்ட்ரான் பளிச்சுன்னு தெளிவா பேசும், பிஏஎஃப் கொஞ்சம் வெதுவெதுப்பா உருண்டையா இருக்கும், பி-90ன்னா சிங்கிள் காயில், ஒரு கரகரப்போட முன்னாடி வந்து நிக்கும். எனக்குப் பி-90 ரொம்பப் பிடிக்கும், ஆனா வீவக அடுக்குமாடி வீட்ல லைட் டிம்மர் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம்னு இருக்குற எடத்துல நம்ம சிங்கப்பூர் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டோட ஹம் அதுல நல்லாவே ஏறும். அதைச் சகிச்சுக்க முடியுமான்னு உங்க ரூம்லயே வாசிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடைகள்ல ஒரு மத்தியானம் சுத்தினா மூணு வகையும் போட்ட கிட்டாரை எடுத்து வாசிச்சுப் பார்த்துடலாம், வீடியோல கேக்குறதை நம்பி ஆர்டர் பண்றதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போ ஃபீட்பேக். இங்கதான் நிறைய பேர் காசை விடுறாங்க. கிட்டார் ஊளையிடுது, அதனால மெழுகுல முக்கின பிக்கப் வாங்குனா சரியாயிடும்னு நினைக்கிறாங்க. ஊளை ரெண்டு வகை. ஒண்ணு, ஆம்ப்லருந்து வர்ற சத்தம் கிட்டாரோட மேல்பலகையை ஆட்டி, பலகை கம்பியை ஆட்டி, அது திரும்ப ஆம்ப்புக்குப் போயி வர்ற சுத்து, இது "ஊ..."ன்னு அடித்தொண்டைல வரும். இன்னொண்ணு பிக்கப்புக்குள்ள காயிலோ மூடியோ தளர்ந்து அதுவே மைக் மாதிரி ஆகி "கீச்ச்"னு கத்துறது. மெழுகு ரெண்டாவதுக்குத்தான் மருந்து, மொதலாவதை அது தொடக்கூடத் தொடாது. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, ஊளை வரும்போது உள்ளங்கையால ஆறு கம்பியையும் அழுத்திப் பிடிங்க. நின்னுடுச்சுன்னா அது பெரும்பாலும் பாடியும் கம்பியும் பண்ற வேலை, பிக்கப் மாத்தி பிரயோஜனம் இல்ல, ஆம்ப்புக்கு நேரா நிக்காம தள்ளி நில்லுங்க, பேஸைக் குறைங்க, எஃப் ஹோலை (மேல்பலகைல இருக்குற எஃப் வடிவ ஓட்டை) அடைச்சுப் பாருங்க. கம்பியை அமுக்கின பிறகும் கீச்சுன்னு கத்திட்டே இருந்தா அப்போ பிக்கப்பைச் சந்தேகப்படலாம். பெரிய சத்தம் வைக்காம வீட்ல வாசிக்கிறவங்களுக்கு மெழுகு போடாத பிக்கப்பே நல்லா இருக்கும், 1950கள்ல வந்த பிஏஎஃப் எதுலயும் மெழுகு கிடையாது.

அளவு எடுக்காம வாங்குறது அடுத்த தப்பு. ஃபில்டர்ட்ரானும் சாதாரண ஹம்பக்கரும் ஒரே சைஸ் இல்ல, மினி ஹம்பக்கர் இன்னும் சின்னது. பி-90லயே காது வச்ச டாக் இயரும் சோப்பார்னு சொல்ற இன்னொண்ணும் ஒண்ணுக்கு ஒண்ணு சேராது, டாக் இயருக்கு ஸ்க்ரூ திருகி உயரம் ஏத்த முடியாது, அடியில ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும், அதனால நெக்குக்கு (கழுத்துப் பக்கம்) ஒரு உயரம் பிரிட்ஜுக்கு (கம்பி மேல உக்காருற கட்டைப் பக்கம்) ஒரு உயரம்னு பார்த்துத்தான் வாங்கணும். ஓட்டையோட நீளம் அகலம் மட்டும் பத்தாது, ஆழமும் பாருங்க, நெக் பக்கம் உள்ள கட்டை இருக்கும், பிக்கப்போட கால் நீளமா இருந்தா முட்டும். செதுக்குன சாலிட் மேல்பலகை உள்ள ஆர்ச்டாப் (மேல்பலகை வளைஞ்ச கிட்டார்) வச்சிருக்கீங்கன்னா தயவுசெஞ்சு அதுல ஓட்டை போடவே போடாதீங்க, பிக்கார்டுலயோ நெக் முனையிலயோ மாட்டுற ஃப்ளோட்டிங் பிக்கப் இருக்கு, அதை வாங்குங்க. வெட்டுன பலகையை யாராலயும் திருப்பித் தர முடியாது. இந்த மாதிரி பலகை நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு ஊதி எழும்பும், கம்பி உயரமும் மாறும், அதனால ஏர்கான் ரூம்லருந்து வெளிய எடுத்த உடனே பிக்கப் உயரத்தை செட் பண்ணாதீங்க.

ஒரு பிக்கப் மட்டும் மாத்துறவங்க வயரையும் பார்க்கணும். வேற வேற கம்பெனி பிக்கப் ரெண்டு சேரும்போது ஃபேஸ் (சிக்னல் அலையோட திசை) எதிர்மாறா இருந்தா ரெண்டையும் சேர்த்துப் போடுற நடு பொசிஷன்ல மூக்கால பாடுற மாதிரி மெலிஞ்சு கேக்கும். நாலு வயரும் தனி ஷீல்டும் உள்ளதுன்னா ரெண்டு முனையை மாத்திப் போட்டா தீர்ந்தது. பழைய மாதிரி பின்னல் வயர்ல அப்படி மாத்தினா மூடியே ஹாட் (சிக்னல் ஓடுற பக்கம்) ஆயிடும், தொட்டா இரையும். ஹம்பக்கருக்கு 500கே பாட் (வால்யூம், டோன் திருகுற பாகம், கேன்னா கிலோ ஓம்), அதுல பெரிசா யோசிக்க ஒண்ணுமில்ல, வேணும்னா சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல பாட், கெப்பாசிட்டர், ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் தேடிப் பாருங்க.

வேலை செய்யும்போது நடக்குற தப்பும் சொல்லிடுறேன். ஹாலோ பாடிக்குப் பெரும்பாலும் பின்னாடி திறக்க மூடி கிடையாது, எல்லாமே எஃப் ஹோல் வழியா இல்லைன்னா பிக்கப் ஓட்டை வழியாத்தான் உள்ள போயி வரணும். ஒவ்வொரு பாட் தண்டுலயும் சுவிட்ச்லயும் ஜாக்லயும் நூல் கட்டிட்டு உள்ள தள்ளுங்க, அப்புறம் நூலை இழுத்தா அதது அதனதன் எடத்துல வந்து நிக்கும். மரத்துல வச்ச பிரிட்ஜ் ஒட்டாம சும்மா உக்காந்திருக்கும், கம்பியை எல்லாம் கழட்டினா நகர்ந்துடும், மொதல்ல அது இருக்குற எடத்தைக் குறிச்சு வைங்க. டெயில்பீஸுக்கு (கம்பியோட அடிமுனை மாட்டுற பாகம்) போற கிரவுண்ட் வயர் இழுபறியில அறுந்துடுச்சான்னும் பாருங்க, அது அறுந்து இரையுறதைப் புது பிக்கப் மேல பழி போட்டுத் திருப்பி அனுப்புனவங்க உண்டு. வெளிநாட்லருந்து வாங்கும்போது ஷிப்பிங்கும் 9% ஜிஎஸ்டியும் சேரும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

தம்பி கதைக்கு வர்றேன். கிட்டாரை வாங்கி வாசிச்சுப் பார்த்தேன், மேல்சுருதி ரெண்டு கம்பி காதைக் கிழிக்குது, கீழ்ச்சுருதி நாலும் தொலைவுல எங்கயோ கேக்குது. கம்பியைப் பார்த்தா வெண்கலம்! ஹாலோ பாடின்னா அக்கூஸ்டிக் மாதிரிதானேன்னு அக்கூஸ்டிக் செட்டை மாட்டியிருக்கான். காந்த பிக்கப்புக்கு வெண்கலச் சுத்து தெரியவே தெரியாது, உள்ள இருக்குற ஸ்டீல் கம்பி மட்டும்தான் தெரியும். நிக்கல் ஃப்ளாட்வூண்ட் (சுத்து தட்டையா உள்ள கம்பி) ஒரு செட் மாட்டினோம், நெக் பிக்கப்போட பேஸ் பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் இறக்கினோம், பிக்கப் மேல இருக்குற போல் ஸ்க்ரூவை ஒவ்வொரு கம்பிக்கும் பார்த்துப் பார்த்துத் திருகினோம். வர்ற சனிக்கிழமை முழுக் குழுவோட ப்ராக்டிஸ், அதுல பிரிட்ஜ் பிக்கப் இன்னும் முன்னாடி வரணும்னு தோணுச்சுன்னா அது ஒண்ணுக்கு மட்டும் மெழுகு போட்ட, ஏழரை கிலோ ஓம் பக்கத்துல உள்ள அல்னிகோ 5 காந்தப் பிக்கப் பார்க்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.