சுகர் பேஷண்ட் திடீர்னு வேர்த்துக் கொட்டினா: நர்சிங் ஸ்டூடண்ட்ஸுக்கு

சுகர் பேஷண்ட் ஒருத்தருக்கு குப்புனு வேர்க்குது, கை நடுங்குது, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றாரு, இல்ல சும்மா இருந்த மனுஷன் அட்டெண்டர் மேல எரிஞ்சு விழுறாருன்னா அது லோ சுகரா (ரத்தத்துல சுகர் ரொம்ப இறங்கினது) இருக்கலாம், உடனே சுகர் செக் பண்ணுங்க. மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கிற பிரஷர் மாத்திரை) போடுறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். விரல்ல ஸ்பிரிட் காஞ்ச பிறகு குத்துங்க, பழம் உரிச்ச கையா இருந்தா கழுவிட்டு குத்துங்க, இல்லன்னா ரீடிங் பொய்யா ஏறிக் காட்டும்.

70 mg/dLக்குக் கீழ வந்தா ட்ரீட் பண்ணணும், 54க்குக் கீழன்னா ரொம்ப சீரியஸ். மீட்டர் கைக்கு கிடைக்கலையா, லோ சுகர்னே வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

இப்போ முக்கியமான முடிவு, அவரால ஒழுங்கா முழுங்க முடியுமா? நல்லா பேசுறாருன்னா 15 கிராம் குளுக்கோஸ் தண்ணில கலக்கிக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. சாக்லேட் வேணாம், அதுல இருக்குற கொழுப்பால சுகர் மெதுவாத்தான் ஏறும். வோக்லிபோஸ் (குடல்ல சர்க்கரை உடையறதை மெதுவாக்குற சுகர் மாத்திரை) சாப்பிடுறவருக்கு வீட்டு சர்க்கரையும் சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் குடுக்கணும் (இதை வைவால கேட்பாங்க).

மயக்கமா, அரைத்தூக்கமா இருந்தா வாயில சொட்டு தண்ணி கூட ஊத்தாதீங்க, அட்டெண்டர் பாசத்துல ஜூஸோட வந்தாலும் தடுங்க, நுரையீரலுக்குப் போயிடும். ஒருக்களிச்சு படுக்க வெச்சு ஸ்டாஃபையும் டியூட்டி டாக்டரையும் கூப்பிடுங்க. ஆர்டர் படி 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் ட்ரிப்) 100 மில்லி போனா 25 கிராம் குளுக்கோஸ், ஆனா ரத்தக்குழாய்ல போட்ட லைன் சரியா ஓடுதான்னு முதல்ல பாக்கணும், வெளிய கசிஞ்சா சதையே வெந்து போயிடும்.

சுகர் ஏறிடுச்சுன்னு அப்படியே விட்றாதீங்க, சாப்பிட வைங்க. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு, அதுவும் கிட்னி சரியில்லன்னா, சில மணி நேரம் கழிச்சு மறுபடியும் இறங்கும், அதனால அடிக்கடி செக் பண்ணிட்டே இருக்கணும்.

அப்புறம் ஏன் இறங்குச்சுன்னு தேடுங்க. இன்சுலின் போட்டாச்சு, சாப்பாடு வரல, இதுதான் வார்டுல அடிக்கடி நடக்கும். இன்னொண்ணு சிரிஞ்ச், நம்ம ஊர்ல ஒரு மில்லில 40 யூனிட் இருக்குற இன்சுலின் வயலும் 100 யூனிட் இருக்குற வயலும் ரெண்டுமே இருக்கு. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 வயல்ல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல 10 யூனிட் கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது 25 யூனிட். வயலையும் சிரிஞ்சையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, அடுத்த டோஸ் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு சார்ட்ல எழுதுங்க.