‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று திரையில் வந்தால்: கடைக்குத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று வந்துவிட்டதா? பதற வேண்டாம். உங்கள் ஃபைல்கள் எங்கும் போகாது, கம்ப்யூட்டரும் நிற்காது. வால்பேப்பர், கலர் போன்றவற்றை மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக் கடைக்குத் தூக்குவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் கடிகாரம். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது, ஆக்டிவேஷனும் (உங்கள் விண்டோஸ் லைசென்ஸ் சரியானதா என்று மைக்ரோசாப்ட் சரிபார்ப்பது) நடக்காது. மலை வீடுகளில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் டெஸ்க்டாப்பில் இது அடிக்கடி வரும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பிறகு தேதி, நேரம், இந்திய நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்து, மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் கொடுத்து மறுபடி முயலுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால், உங்களிடம் இருப்பது எந்த வகை லைசென்ஸ் என்று தெரிந்தாக வேண்டும். இதைப் பார்க்காமல் செய்கிற எதுவும் இருட்டில் தடவுகிற வேலைதான். விண்டோஸ் கீயோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்துங்கள். வருகிற சின்னப் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற வரியைப் படியுங்கள். ‘ஓஇஎம்’ என்று இருந்தால் கம்ப்யூட்டரோடு வந்த லைசென்ஸ். ‘ரீடெய்ல்’ என்றால் தனியாக வாங்கியதாகவோ டிஜிட்டல் லைசென்ஸாகவோ இருக்கும். ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால், யாரோ கிராக் (காசு கொடுக்காமல் ஆக்டிவேட் ஆனது போல ஏமாற்றும் புரோகிராம்) போட்டிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்கான முறை. அங்கே உள்ளூர் சர்வர் ஒன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் 180 நாள் அனுமதி தரும். அது அவ்வப்போது புதுப்பிக்கப்படும். கிராக் அந்த சர்வர் போல நடிக்கும். ஆன்டிவைரஸ் அதைத் தூக்கியதும் அனுமதி புதுப்பிக்க ஆளில்லாமல் போய், எஃப்074 என்று முடியும் பிழை எண் வரும். அந்தச் செய்தியை நிறுத்த ஆன்டிவைரஸை அணைக்கும்படி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் பேங்க் பாஸ்வேர்டு போகிற கம்ப்யூட்டர் அது.

இதில் வருத்தமான விஷயம், லேப்டாப்போடு காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் லைசென்ஸ் பலருக்கு உள்ளேயே சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து லைசென்ஸ் கீ (25 எழுத்து கொண்ட குறியீடு) மதர்போர்டு சிப்பிலேயே எழுதப்பட்டு வருகிறது. நம் ஊரில் விற்பதில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புதான். அதன்மேல் யாராவது ப்ரோ பதிப்பை ஏற்றினால் அந்தக் கீ பொருந்தாது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்கவும் வழியில்லை, புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டு, மைக்ரோசாப்ட் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள் (அதில் இருப்பது அழிந்துவிடும்). அந்தப் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால் (துவக்கினால்) சிப்பில் உள்ள கீயைப் பார்த்துப் பதிப்பை இன்ஸ்டாலரே தேர்ந்தெடுக்கும். நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

இனி இடி. சித்திரை, வைகாசி மழையில் சேர்வராயன் மலையில் இடி இறங்கினால் மதர்போர்டு போவது உண்டு. போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கம்ப்யூட்டர். எஃப்211 என்று முடியும் எண் வரும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன், டிரபுள்ஷூட் என்று போய், ‘சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்ற வரியை அழுத்தி, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, பழைய கம்ப்யூட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவேட் கொடுங்கள். ஒரு நிபந்தனை: போர்டு போவதற்கு முன்பே லைசென்ஸ் அந்தக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, ‘உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வழி ரீடெய்ல் லைசென்ஸுக்கு நம்பகமானது. ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. அதனால் லேப்டாப் போர்டைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றி, புதுப் போர்டில் கீயை எழுதித் தரச் சொல்லி, திரும்ப வாங்கும்போதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வேர்டு, எக்செல் விஷயத்தில் சிக்கல் பெரும்பாலும் மெயில் ஐடியில்தான். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் அவசரத்துக்கு ஒரு மெயில் ஐடி உருவாக்கி ஆபீஸைப் பதிந்திருப்பார். லைசென்ஸ் அந்த ஐடியோடுதான் ஒட்டியிருக்கும். வேர்டில் ஃபைல், அக்கவுன்ட் போய் எந்த ஐடி என்று பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால், அதில் கொடுத்த மொபைல் எண் யாருடையது என்று அதே கடையில் கேட்டு, ஓடிபி வாங்கி மாற்றிவிடுங்கள். டிரயல் பதிப்பும் வாங்கிய பதிப்பும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தாலும் ‘லைசென்ஸ் முடிந்தது’ என்று வரும். கன்ட்ரோல் பேனலில் டிரயலை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

புதுக் கீ வாங்கியே ஆக வேண்டும் என்றால், சில நூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் வருகிற 25 எழுத்துக் கீ வேண்டாம். பல பேருக்கு விற்ற கீ என்றால் இன்று வேலை செய்தாலும் பிறகு முடக்கப்படும். அப்போது வருவது சி003 என்று முடியும் எண். பில்லோடு வாங்குங்கள், அந்தப் பில்லை போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.