பிஎச்பி செஷன்: தளத்தை மெதுவாக்கும் தவறுகள்

டாஷ்போர்டு திறந்ததும் பின்னணியில் ஆறு ஏஜாக்ஸ் கோரிக்கைகள் (பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் சர்வரிடம் தரவு கேட்பவை) கிளம்புகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 300 மில்லிசெகண்டு வேலைதான். ஆனாலும் கடைசிப் பதில் வர 1.8 விநாடி ஆகிறது. உடனே டேட்டாபேஸைச் சந்தேகித்து இண்டெக்ஸ் சேர்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் செஷன் பூட்டைப் பாருங்கள். ஒரு பயனரைப் பற்றி சர்வர் கோரிக்கைக்குக் கோரிக்கை நினைவில் வைக்கும் தகவல்தான் செஷன்.

பிஎச்பி வழக்கமாக செஷனைக் கோப்பில் வைக்கும். செஷன்_ஸ்டார்ட்() ஓடியதும் கோப்பு பூட்டப்படும். யாரும் இடையில் விடுவிக்காவிட்டால் ஸ்கிரிப்ட் முடியும்வரை அப்படியே இருக்கும். அதே பயனரின் அடுத்த கோரிக்கை அந்த வரியிலேயே நிற்கும். நிற்கும்போதும் ஓர் எஃப்பிஎம் ஒர்க்கரை, அதாவது பிஎச்பி கோரிக்கைகளைக் கையாளும் செயல்முறைகளில் ஒன்றை, பிடித்துக்கொண்டிருக்கும். நீண்ட ரிப்போர்ட்டை ஓடவிட்டுப் பொறுமையில்லாமல் ரிஃப்ரெஷ் அழுத்தும் நாலு பேர் போதும், சிறிய சர்வரில் ஒர்க்கர்கள் தீர்ந்து மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

சோதிப்பது எளிது. ரிப்போர்ட் ஓடும்போது அதே பிரவுசரில் இன்னொரு டேப் திறந்தால் நிற்கிறது, பிரைவேட் விண்டோவில் லாகின் செய்தால் வேகமாக வருகிறது என்றால் காரணம் பூட்டுதான். மெதுவான கோரிக்கைகளைப் பதியும் எஃப்பிஎம் ஸ்லோ லாகிலும் செஷன்_ஸ்டார்ட் வரி மேலே நிற்கும்.

செஷனில் எழுத வேண்டியதை எழுதியதும், கனமான குவெரிக்கும் வெளி ஏபிஐ அழைப்புக்கும் முன்பே, செஷனைச் சேமித்துப் பூட்டை விடுவிக்கும் செஷன்_ரைட்_குளோஸ்() போடுங்கள். படிக்க மட்டும் வேண்டிய பக்கங்களுக்கு பிஎச்பி 7.0 முதல் ரீட்_அண்ட்_குளோஸ் ஆப்ஷன் இருக்கிறது; படித்தவுடன் செஷனை மூடிவிடும். ஒரு கண்ணி உண்டு: மூடிய பிறகு செஷன் மாறியில் எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது, மதிப்பு மட்டும் சேமிக்கப்படாது. சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் ரகசியக் குறியீடு) தாமதமாக எழுதும் ஃபார்ம்கள் இப்படித்தான் உடைகின்றன.

செஷனைக் கோப்பிலிருந்து ரெடிஸுக்கு (நினைவகத்தில் தரவு வைக்கும் சேமிப்பகம்) மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, பாதிதான் உண்மை. பிஎச்பியை ரெடிஸுடன் இணைக்கும் பிஎச்பிரெடிஸில் செஷன் பூட்டு இயல்பாக அணைந்திருக்கும். காத்திருப்பு போய்விடும். ஆனால் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் எழுதினால், பிந்தியது முந்தியதை அழித்துவிடும். கார்ட்டில் போட்ட பொருள் மாயமாவது இதனால்தான். கார்ட்டை டேட்டாபேஸில் வைத்து, செஷனில் பயனர் ஐடி போன்ற சிறிய விவரங்களை மட்டும் வைப்பது நல்லது. முழு ஆப்ஜெக்ட்டுகளைத் திணித்தால் ஒவ்வொரு கோரிக்கையிலும் அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவும் சேரும். கேஷும் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்கள்) செஷனும் ஒரே ரெடிஸில் இருந்து, நினைவகம் நிரம்பும்போது பழையதை நீக்கும் கொள்கையும் இருந்தால், பயனர்கள் காரணமின்றி லாக்அவுட் ஆவார்கள். இரண்டையும் தனித்தனி ரெடிஸில் வையுங்கள்.

லாகினே தேவைப்படாத பக்கங்களிலும் செஷன் தொடங்குவது இன்னொரு வீண்செலவு. பாட் (தளங்களைத் தானாகச் சுற்றும் நிரல்) வந்தாலும் ஒரு கோப்பு உருவாகும். கூடவே கேஷ் செய்யாதே என்ற ஹெடர்களும் போவதால், பக்கங்களின் நகலைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சிடிஎன் பயன்படாது. ஒரு கட்டுரைப் பக்கத்தின் எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் 1981 நவம்பர் 19 என்ற தேதி தெரிந்தால், அங்கே செஷன்_ஸ்டார்ட் ஓடியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

காலாவதியிலும் குழப்பம் வரும். குக்கியின் ஆயுளை மட்டும் நீட்டிப் பயனில்லை. சர்வரில் செஷன் தரவின் ஆயுளைக் குறிக்கும் ஜிசி_மேக்ஸ்லைஃப்டைம் இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம்தான். ஒரே ஃபோல்டரைப் பல தளங்கள் பகிர்ந்தால் மிகக் குறைந்த அளவு வைத்த தளம் மற்றவற்றின் கோப்புகளையும் அழிக்கும். டெபியன் லினக்ஸில் பிஎச்பியின் தானியங்கிச் சுத்தம் அணைக்கப்பட்டு, அந்த வேலையைத் தனி ஸ்கிரிப்ட் செய்கிறது. நிரலுக்குள் செஷன் ஃபோல்டரை மாற்றியிருந்தால் அது அந்த ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. கோப்புகள் குவிந்து ஒருநாள் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிடும். அந்த ஃபோல்டருக்கு நீங்களே குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை எழுத வேண்டும்.