துண்டான விரலை இணைப்பதா என முடிவெடுக்க ஜப்பானிய நோயாளிக்கு உதவுவது எப்படி?

முதலில் விரலைக் காப்பாற்றுங்கள்: சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் அதைச் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல் பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டால் திசு உறைந்து கெட்டுவிடும்.

பிறகு, அறிவுரை கூறுமுன், அந்த விரலை இழப்பது அவருக்கு எத்தகைய இழப்பு என்று கேளுங்கள். 1965-இல் நாராவில் கொமட்சு, தமாய் என்ற மருத்துவர்கள் முழுதும் துண்டான கட்டைவிரலை முதன்முறையாக வெற்றிகரமாக இணைத்த ஜப்பானில், உடல் பெற்றோர் தந்தது, அதைக் குறைவின்றிக் காக்க வேண்டும் என்னும் கன்பூசியச் சிந்தனையின் சாயல் இன்றும் உண்டு. அத்துடன், யாகுசா என்னும் குற்றக் கும்பலினர் தவற்றுக்கு ஈடாகச் சுண்டுவிரலை வெட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்ததால், இயந்திரத்தில் அதே விரலை இழந்த தொழிலாளியும் சந்தேகப் பார்வைக்கு ஆளாக நேரிடலாம். ஆகவே "சுண்டுவிரல்தானே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது கொடுமையான சொல்.

அமெரிக்காவிலோ, ஒற்றை விரல் என்றால், விரைவில் வேலைக்குத் திரும்புவதற்காகக் விரலை இணைக்காமல் காயத்தை மூடிவிடுவதைப் பலர் ஏற்கின்றனர்.

இணைத்த விரல் விறைக்கலாம், உணர்ச்சி குறையலாம், குளிரில் வலிக்கலாம், பல மாதப் பயிற்சி தேவைப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டைவிரலானாலும் குழந்தையின் விரலானாலும், இணைக்க முயல்வதையே மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள்.