மண்டலத் திட்டத்தில் புதுக் குடியிருப்புகளை எங்கே வைப்பது? தொடங்குபவர்களுக்கான செய்முறை

புதிதாகத் திட்டமிட வருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, காலியாகத் தெரியும் இடத்தில் வட்டம் போட்டுத் தொடங்குகிறார்கள். நிலம் காலியாகக் கிடப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், நல்ல விளைச்சல் தரும், அல்லது அங்கே போகப் பாதையே இருக்காது. ஆகவே வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கில் தொடங்குங்கள்.

படி 1: எத்தனை வீடுகள்?

மண்டலத்தில், அதாவது பல ஊர்கள் சேர்ந்த திட்டப் பகுதியில், இன்று 6 லட்சம் பேர், 20 ஆண்டுகளில் 7.2 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4 பேர் என்றால் இன்று 1.5 லட்சம் வீடுகள். குடும்பங்கள் சிறுத்து வீட்டுக்கு 3.6 பேர் என்றானால் 2 லட்சம் வீடுகள் வேண்டும். மக்கள்தொகை கூடுவது 20 சதவீதம், வீட்டுத் தேவையோ 33 சதவீதம். குடும்ப அளவை அப்படியே விட்டவருக்கு 30,000 வீடுகள் போதும் என்று விடை வரும். உண்மையில் வேண்டியது 50,000. பூட்டிக் கிடக்கப்போகும் வீடுகள், இடிந்துபோகும் வீடுகள் ஆகியவற்றுக்கு ஈடாக 5,000 சேர்த்து 55,000 என்று கொள்ளுங்கள்.

படி 2: எவ்வளவு நிலம்?

ஏற்கெனவே அனுமதி பெற்றவை 10,000, ஊருக்குள் உள்ள காலி மனைகளிலும் கைவிடப்பட்ட ஆலை நிலங்களிலும் அடங்குபவை 15,000 என்றால், மீதி 30,000 வீடுகளுக்குத்தான் புது நிலம் தேட வேண்டும். காலி மனைகளின் முழு எண்ணிக்கையையும் கழித்துவிடாதீர்கள். வழக்கு, வாரிசுச் சிக்கல், விற்க மனமில்லாத உரிமையாளர் என்று கணிசமான பகுதி திட்டக் காலத்துக்குள் வீடாக மாறாது.

ஹெக்டேருக்கு 50 வீடுகள் என்றால் 30,000 வீடுகளுக்கு 600 ஹெக்டேர். ஆனால் இது மனைகளுக்கு மட்டும். சாலை, பள்ளி, பூங்கா, வடிகால் ஆகியவை மொத்த நிலத்தில் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால் தேவை 1,000 ஹெக்டேர். இந்த வேறுபாட்டை மறந்த திட்டங்களில் வீடுகள் வந்துவிடும், பள்ளிக்கு மட்டும் இடம் இருக்காது.

படி 3: கூடாத இடங்களை நீக்குங்கள்

இப்போது வரைபடத்தை எடுக்கலாம். க்யூஜிஐஎஸ் (QGIS) போன்ற இலவச வரைபட மென்பொருளே போதும். எல்லா வரைபட அடுக்குகளையும் (வெள்ளம், காடு, சாலை என ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு) மீட்டரை அலகாகக் கொண்ட ஒரே ஆயத்தொலை முறைக்கு மாற்றிய பிறகே பரப்பளவை அளக்கவும். அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் உள்ள வரைபடத்தில் வரும் பரப்பு எண்ணை நம்ப முடியாது.

வெள்ளம் பரவும் சமவெளி, சதுப்பு நிலம், நீர்நிலைகளும் அவற்றின் வரத்துக் கால்வாய்களும், காப்புக்காடு, நிலச்சரிவு அபாயமுள்ள சரிவுகள், குடிநீர் ஊற்றெடுக்கும் பகுதிகள் எல்லாவற்றையும் தேர்வுப் பட்டியலிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள். இவற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால், வெள்ளத்தில் பூஜ்யம் வாங்கிய இடம் சாலை வசதியில் முழு மதிப்பெண் வாங்கிப் பட்டியலின் மேலே வந்து நிற்கும். இந்தத் தவறுக்கு உயிர்கள் விலையாகும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதல்ல, எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ளது. 30 ஆண்டுகள் குடியிருப்பவர் அதைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் (ஒரு கட்டத்தின் அகலம்) செயற்கைக்கோள் உயரத் தரவில், உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். சமதளப் பகுதியில் வெள்ள எல்லையை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கள அளவீடு வேண்டும், பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று அங்கே வாழ்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

படி 4: மிஞ்சியதற்கு மதிப்பெண்

வேலை, பள்ளி, மருத்துவமனைக்குள்ள தூரம், பொதுப் போக்குவரத்து, மண்வளம், குழாய் இணைப்புச் செலவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு 400 மீட்டர், ரயில் நிலையத்துக்கு 800 மீட்டர் என்பது வழக்கமான நடை அளவு. அதை நேர்க்கோட்டில் அளக்காமல் பாதை வழியே அளக்கவும். நடுவில் ஆறோ தண்டவாளமோ இருந்தால் 800 மீட்டர் எளிதில் இரண்டு கிலோமீட்டராகும்.

பிறகு எடைகளை மாற்றிப் பாருங்கள். எடை சற்று மாறினாலே பட்டியலில் கீழே விழும் இடத்தை உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது.

படி 5: மாற்றுகளை ஒப்பிடுங்கள்

முழு 30,000 வீடுகளையும் மூன்று நான்கு விதமாக அடுக்கிப் பாருங்கள்: நகர விளிம்பில் விரிவாக்கம், ரயில் பாதை ஓரமாக, தனிப் புதுநகரம், எல்லா ஊர்களுக்கும் பங்கிடுதல். கோபன்ஹேகனின் 1947 ‘விரல் திட்டம்’ இரண்டாவது வகை. ஐந்து ரயில் பாதைகளை ஒட்டி வளர்ச்சி, விரல்களுக்கு இடையே பசுமைப் பகுதி.

எல்லா ஊருக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் எதிர்ப்பில்லாத வழி. பெரும்பாலும் மோசமான வழியும் அதுதான். 50 ஊர்களில் தலா 100 வீடுகள் வைத்தால் எந்த ஊரிலும் புதுப் பள்ளிக்கோ அடிக்கடி ஓடும் பேருந்துக்கோ போதிய ஆட்கள் சேரமாட்டார்கள். அதே 5,000 வீடுகள் ஓரிடத்தில் இருந்தால் 18,000 பேர்.

படி 6: குழாயும் காலவரிசையும்

அந்த 18,000 பேருக்கு ஆளுக்கு 120 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்றால், நாளுக்குச் சுமார் 17 லட்சம் லிட்டர் சாக்கடைக்குப் போகும். இப்போதுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் அவ்வளவு இடம் மீதமிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புது நிலையம் கட்ட நிலமும் நிதியும் அனுமதியும் சேரவே பல ஆண்டுகள் ஆகும். அதனால் முதல் ஐந்தாண்டுக்கு, அனுமதி பெற்றவற்றையும் ஊருக்குள் உள்ள மனைகளையும் ஒதுக்குங்கள். பெரிய விரிவாக்கங்களை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுங்கள். நிலையம் இயங்கும்வரை இத்தனை வீடுகளுக்கு மேல் குடியேற்றம் இல்லை என்ற நிபந்தனையைத் திட்டத்திலேயே எண்ணுடன் எழுதவும்.

தேர்ந்த இடங்களில் ஓரிரண்டு எப்படியும் தாமதமாகும். 10 முதல் 20 சதவீதம் கூடுதல் நிலத்தை இருப்பாக அடையாளம் காட்டி, எந்த நிலை வந்தால் அதைத் திறக்கலாம் என்பதையும் குறித்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டி முடிந்த வீடுகளை எண்ணிச் சரிபாருங்கள்.