சிங்கப்பூரில் முதன்முறையாகப் பாடம் சொல்லித்தரப் போகிறீர்களா?

ஊரில் நான் ஒருநாள்கூட வகுப்பெடுத்ததில்லை. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, சனிக்கிழமைகளில் அறையிலேயே கிடக்கப் பிடிக்காமல் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரப் போனேன். சம்பளம் வாங்காமல் செய்யும் இந்த வேலைக்கு இங்கே தொண்டூழியம் என்று பெயர். நம் காதுக்குக் கொஞ்சம் கனமான சொல்தான், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

முதல் படி, இடம் பிடிப்பது. பள்ளி வாசலில் போய் நின்று ‘நான் சொல்லித்தருகிறேன்’ என்றால் நடக்காது. ஓர் அமைப்பு வழியாகப் போங்கள். 1991இல் தொடங்கிய சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது, தொண்டூழியர்களையும் சேர்த்துக்கொள்கிறது. தேசிய நூலக வாரியத்தின் கிட்ஸ்ரீட் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டலாம். எந்த அனுமதியில் தங்கியிருக்கிறீர்கள் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டால் பின்னால் இழுபறி இருக்காது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். பத்துப் பத்து வாரமாக நான்கு தவணைகள். ஒரு தவணை முழுக்க வர முடியுமா என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மதிப்பெண் கணக்கைத் தெரிந்துகொள்வது. எனக்குத் தெரியவில்லை. தொடக்கநிலை 5இல், அதாவது நம் ஐந்தாம் வகுப்பில், படிக்கும் ஒரு சிறுமி, “தமிழ்ல ஏழு” என்று முனகினாள். பத்துக்கு ஏழாக்கும் என்று நினைத்து நான் கைதட்டினேன். அவள் முகம் சுருங்கிப் போனது. இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் தரநிலை 1 முதல் 8 வரை, 1தான் உச்சம். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 மிகச் சிறப்பு, 32 கடைசி.

அடுத்து வகுப்பு. ஒரு மணி நேரத்துக்குப் பதினான்கு பக்கப் பயிற்சித்தாள் அச்சடித்துக்கொண்டு போனேன். முடிந்தது ஒரு பத்தி! பையன் எழுத்துக்கூட்டி நன்றாகத்தான் வாசித்தான். “தாத்தா திண்ணையில் அமர்ந்திருந்தார்” என்ற இடத்தில் நிறுத்தி, “திண்ணைன்னா வாட், சேர்?” என்றான். இங்கே ஆசிரியரைப் பிள்ளைகள் ‘சேர்’ என்பார்கள், டீச்சரின் வால்தான் அது. படம் வரைந்தேன், புரியவில்லை. அப்புறம், “உங்க புளோக் கீழே தாத்தாக்கள் உட்கார்ந்து பேசுவாங்களே?” என்றேன். “ஓ, வாய்ட் டெக்!” அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் திறந்தபடி இருக்கும் தரைத்தளம்தான் அது. கட்டுமானப்படி திண்ணையும் அதுவும் வேறு. ஆனால் அவனுக்கு வாசல் திறந்துவிட்டது.

ஆகவே, பாடத்தை முந்தின இரவே ஒருமுறை வாசித்து, அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை எந்தச் சொல்லில் முட்டிக்கொள்ளும் என்று கோடிட்டு வையுங்கள். களம், கொல்லை, உரல் எல்லாம் நிச்சயம் முட்டும். பல வீடுகளில் ஆங்கிலம்தான் புழக்கம். பிள்ளை கலந்து பேசினால் சிரிக்காதீர்கள், ‘தமிழில் சொல்’ என்று அதட்டவும் வேண்டாம். அவன் சொன்னதையே தமிழில் நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு நகருங்கள். கேள்வி கேட்டதும் பதிலை நீங்களே சொல்லிவிடுவது புதியவர்களின் வியாதி, எனக்கும் இருந்தது. மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வகுப்பில் பேச்சுத் தமிழ் பேசத் தயங்க வேண்டியதில்லை, இங்குள்ள பாடத்திட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது.

சில கறார் விஷயங்கள். காதைத் திருகுவது, தலையில் குட்டுவது என்ற நம் ஊர்ச் செல்லமெல்லாம் அறவே கூடாது. பிள்ளைகளைப் படமெடுத்துப் போடாதீர்கள். பெற்றோரிடம் எதுவானாலும் ஒருங்கிணைப்பாளர் மூலமாகப் பேசுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்குச் சொல்லாமல் போய்த் திரும்பினேன். பையன் மூன்று விரலைக் காட்டினான். “மூணு சனிக்கிழமை, சேர்.”