அண்டை நாடுகளின் உமிழ்வு இலக்குகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

இரு நாடுகளின் பசுங்குடில் வாயு உமிழ்வுக் குறைப்பு உறுதிமொழிகளை ஒப்பிட விரும்புவோர் சதவீதத்தைக் கடைசியில் பார்ப்பது நல்லது. அந்த எண் எதை அளக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்தியா 2022இல் அறிவித்த 45 சதவீதம், 2005ஐ ஒப்பிட, 2030க்குள் உள்நாட்டு உற்பத்தியின் ஒரு ரூபாய்க்கு வெளியாகும் உமிழ்வு எவ்வளவு குறையும் என்பதையே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 55 சதவீதமோ, 1990ஐ ஒப்பிட, 2030க்குள் நிகர உமிழ்வே (வெளியாவதில் காடுகள் போன்றவை உறிஞ்சுவதைக் கழித்தது) குறைவதைக் குறிக்கிறது.

ஒப்பிடப்படும் அடிப்படை ஆண்டு ஒன்றாக இருந்தாலும், அந்த ஆண்டில் அந்த நாடு எந்த நிலையில் இருந்தது என்று விசாரியுங்கள். அண்டை நாடுகளான ஜெர்மனியையும் பிரான்சையும் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் சட்டம் 1990ஐ ஒப்பிட்டு 2030க்குள் 65 சதவீதக் குறைப்பையும் 2045க்குள் நிகரச் சுழியத்தையும் (நிகர உமிழ்வு பூஜ்யமாவதையும்) கோருகிறது. பிரான்சின் இலக்கு 2050. ஜெர்மனி முந்துவதாகத் தோன்றும். ஆனால் 1990இல் கிழக்கு ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி ஆலைகள் புகைந்துகொண்டிருந்தன. நாடு இணைந்தபின் அவற்றில் பல மூடப்பட்டதே குறைப்பில் கணிசமான பங்காயிற்று. பிரான்சோ 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அணு உலைகளைக் கட்டி, 1990இலேயே மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அவற்றிலிருந்து பெற்றுவந்ததால், அங்கே குறைப்பதற்கு மிச்சமிருந்தது குறைவு. தலைக்கு எவ்வளவு உமிழ்வு என்று கணக்கிட்டால் இன்றும் ஜெர்மனியே மேலே நிற்கிறது.

அடுத்து, சட்ட வாசகத்தில் இருப்பது 'புதுப்பிக்கத்தக்க' எரிசக்தியா, 'குறைகார்பன்' (கார்பன் உமிழ்வு குறைந்த) எரிசக்தியா என்று பாருங்கள். அணுமின்சாரம் இரண்டாவதில் மட்டுமே சேரும் என்பதால், அணுசக்தி பற்றிய இவ்விரு நாடுகளின் சச்சரவில் பெரும்பகுதி இந்தச் சொல்லைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்த எரிசக்திப் பயன்பாட்டில் புதுப்பிக்கத்தக்கவற்றின் பங்கு ஜெர்மனியில் 19.3 சதவீதம், பிரான்சில் 19.1. ஐரோப்பிய ஒன்றிய விதி வைத்த இலக்கு முன்னதற்கு 18, பின்னதற்கு 23 என்பதால், நிலக்கரி எரித்த ஜெர்மனி தேறியது, பிரான்ஸ் தவறியது. விதியின்படி இது சரி. வளிமண்டலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக அணுசக்தி வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். மின்சாரம் எல்லையை எந்தத் திசையில் கடக்கிறது என்பதைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பாருங்கள். வழக்கமாக ஏற்றுமதி செய்யும் பிரான்ஸ், 2022இல் பல உலைகளின் குழாய்களில் அரிப்பு விரிசல் காணப்பட்டதால் அவற்றை நிறுத்தி, நிகர இறக்குமதியாளர் ஆனது. அண்டை நாட்டு நிலக்கரியும் எரிவாயுவும் காற்றும் அப்போது அதற்குக் கைகொடுத்தன.

கடைசியாக, நீங்கள் படிக்கும் ஆவணத்தின் தேதியைச் சரிபாருங்கள். ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15இல் மூடியது. 2025 மே மாதத்தில் ஜெர்மன் அரசுத் தலைவரான சான்சலர் மெர்ஸும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் குறைகார்பன் ஆதாரங்கள் அனைத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்று கூட்டாக எழுதினர். அதற்கு முந்தைய கட்டுரைகளில் காணும், அணுசக்தியைப் புதுப்பிக்கத்தக்கவற்றுக்குச் சமமாக ஏற்க மறுத்த ஜெர்மன் நிலைப்பாட்டை இன்றைய நிலைப்பாடாகக் கொள்ளக் கூடாது.